தஞ்சாவூர் தனி கைடு டூர்: எங்கே காசு தகும், எங்கே வீண்

தஞ்சாவூரில் தனி கைடு வைத்துக்கொண்டு ஊர் பார்ப்பதற்கு அரைநாள், முழுநாள் என்று இரண்டு திட்டம் உண்டு. அரைநாளில் பெரிய கோயிலும் அரண்மனையும். முழுநாள் என்றால் மதியத்துக்கு மேல் தாராசுரமோ திருவையாறோ சேரும். இங்கே அலசுவது காரோடு வரும் முழுநாள் திட்டத்தை. நடத்துபவர் பெயர் வேண்டாம். நிரல் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான், குறைகளும் அப்படியே. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: கோயிலுக்கு ஐந்தில் நாலரை, அரண்மனைக்கு மூன்று, மதியப் பயணத்துக்கு நான்கு, வழியில் நிறுத்தும் கடைக்குப் பூஜ்யம்.

முதல் சிக்கல் நேரம். இயல்பாக அவர்கள் சொல்லும் புறப்பாடு காலை 9 மணி. வாகனம் நிறுத்தி, செருப்பை விட்டு உள்ளே போகும்போது ஒன்பதரை ஆகிவிடும். பங்குனி தொடங்கி ஆனி வரை அந்த நேரத்திலேயே முற்றத்துக் கல் கொதிக்க ஆரம்பித்துவிடும். பத்தரைக்கு மேல் கைடு என்ன சொல்கிறார் என்பது யார் காதிலும் ஏறாது. எல்லோர் கண்ணும் நிழலைத் தேடும், கால் மாற்றி மாற்றி நிற்கும். நடைபாதையில் போட்டிருக்கும் நார் விரிப்பை விட்டு விலகிச் சுவர் ஓரம் போக யாருக்கும் மனம் வராது. இந்தக் கோயிலின் உயிரோ சுவர் ஓரத்தில்தான் இருக்கிறது. கோயில் 6 மணிக்கே திறந்துவிடும், நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஆகவே ஆறரைக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டால் வருகிறார்கள், கேட்காவிட்டால் ஒன்பதுதான்.

ஆறரைக்கு இன்னொரு லாபம் வெளிச்சம். கோயில் கிழக்கு பார்த்தது. காலை வெயில் விமானத்தின் முகத்தில் நேராக விழும். மாலையில் வந்தால் முன்பக்கம் இருண்டிருக்கும். அப்போது படம் எடுக்க மேற்கு முற்றத்தின் மூலைக்குப் போக வேண்டும்.

இப்போது கைடு. பெரிய கோயிலில் ஒரு கைடைத் தரம் பார்க்கப் பத்து நிமிடம் போதும். "சார், இந்தக் கோபுரத்தோட நிழல் கீழ விழாது" என்று தொடங்கினால் மீதி மூன்று மணி நேரமும் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். நிழல் தாராளமாக விழுகிறது. காலை ஏழரைக்கு மேற்கு முற்றத்தில், விமானத்தின் நிழலிலேயே நின்றுகொண்டு இந்தக் கதையைக் கேட்கலாம். அடுத்தது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்பது. அது பல கல் துண்டுகளை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் காட்டி வெகுநாள் ஆகிறது. மூன்றாவது, வடக்குப் பக்கத்து மேல் நிலையில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் உருவம். வெள்ளையர் ஆட்சி வரும் என்று ராஜராஜனுக்கு முன்கூட்டியே தெரியுமாம். அது நாயக்கர் காலத்துத் திருப்பணியில் வந்த உருவம் என்பதே பெரும்பாலோர் கருத்து. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்து 1620இல் ஒப்பந்தம் போட்டவர் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர். தொப்பிக்காரரை அவர் காலத்துத் தஞ்சை நன்றாகவே பார்த்திருக்கும்.

கதை சொல்வது குற்றம் என்பதல்ல. ஆனால் ஒரு பாரபட்சம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வெளிநாட்டுக் குழு வந்தால் ஆண்டு, அளவு, கட்டடக்கலை என்று மனப்பாடமாக ஒப்பிக்கும் அதே ஆள், தமிழ்க் குடும்பம் வந்தால் மசாலாக் கதைக்கு மாறிவிடுகிறார். நமக்கு இதுதான் பிடிக்கும் என்ற நினைப்பு. கல்வெட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய ஒரே கூட்டம் தமிழ்க் கூட்டம்தான். அந்தக் கூட்டத்துக்குத்தான் கல்வெட்டைக் காட்டுவதில்லை. முன்பதிவின்போது "கல்வெட்டு படித்துக் காட்டுவீங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைக் கேளுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவரா, அட்டை கழுத்தில் இருக்குமா என்பதையும் சேர்த்தே கேட்கலாம். உரிமம் இருந்தால் ஏமாற்று குறையும். படிக்கத் தெரியும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

நல்ல கைடு எப்படிக் கூட்டிப்போவார்? மராட்டியர் வாயிலைச் சட்டென்று கடந்து, கேரளாந்தகன் திருவாசலில் பெயர்க் காரணம் சொல்லி (சேரனை வென்றதால் வந்த பெயர்), ராஜராஜன் திருவாசலில் நிறுத்துவார். அங்கே துவாரபாலகர் காலுக்குக் கீழே இருக்கும் கதாயுதத்தைச் சுற்றிய பாம்பைப் பாருங்கள். அதன் வாயில் ஒரு யானை பாதி விழுங்கிய நிலையில் இருக்கும். யானை எவ்வளவு பெரியது, அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு, அந்தப் பாம்பு சுற்றிய கதாயுதம் எவ்வளவு, அதில் காலூன்றிய காவலர் எவ்வளவு, அவரே கை காட்டி வியக்கும் உள்ளே இருப்பவர் எவ்வளவு என்று பார்ப்பவரின் மனத்துக்குள் அளவைப் பெருக்கிக்கொண்டே போகும் வேலை அது. அதே வாசலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயர், அர்ச்சுனன் தவம், சிவன் பார்வதி திருமணம் என்று கையளவுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. குனிந்து பார்க்காதவர்களுக்கு அவை இல்லவே இல்லை. இந்த இரண்டுக்கும் இருபது நிமிடம் ஒதுக்காத கைடு நந்தியிடம் போய் அரை மணி நேரம் நிற்பார். நந்தி ஒரே கல், 12 அடி உயரம், சுமார் 25 டன் எல்லாம் சரி. ஆனால் அது சோழர் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. வளர்ந்துகொண்டே போனதால் ஆணி அடித்தார்கள் என்ற கதையை எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டுமானால் விடலாம்.

வலம் வரும்போது தெற்கு, மேற்கு, வடக்கு என்று வரிசை. முக்கியமான கல்வெட்டு இருப்பது விமானத்தின் வடபுற அடித்தளத்தில். அதாவது கடைசியில், கால் வலித்து, பசியெடுத்து, பிள்ளைகள் நச்சரிக்கும் நேரத்தில். "இங்கே கல்வெட்டு இருக்கு" என்று கையைக் காட்டிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுவது அதனால்தான். வரிசையைக் கொஞ்சம் மாற்றி, சாமி கும்பிட்டு முடித்ததும் முதலில் வடபுறம் வந்துவிடுங்கள். வலம் பிறகு வரலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

அங்கே காட்டவேண்டிய வரி இது: "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்". நாம் கட்டிய கல் கோயிலுக்கு நாம் கொடுத்தது, நம் அக்காள் குந்தவை கொடுத்தது, நம் மனைவிமார் கொடுத்தது, பிறர் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டுக என்ற ஆணை. தன் தானத்துக்கு அடுத்த இடத்தில் அக்காளை வைத்த வரிசையைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஸ் என்ற ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் படித்துச் சொல்லும்வரை, இந்தக் கோயிலைக் கட்டியவர் யார் என்பதற்கே ஊரில் வேறு வேறு பெயர்கள் உலவின. பதில் சுவரிலேயே இருந்தது.

படிப்பது எப்படி? ஆயிரம் ஆண்டு பழைய எழுத்துதான், ஆனாலும் பாதிக்குப் பாதி நமக்குப் பிடிபடும். மூன்று விஷயம் தெரிந்தால் போதும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. "நாம்" என்பது "நாம" என்றுதான் தெரியும். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இருக்காது. "ஸ்ரீ", "ராஜ" போன்ற இடங்களில் கிரந்த எழுத்து புகுந்துவிடும். அங்கே தடுமாறினால் தாண்டிப் போய்விடலாம். க, ட, ப, ம, ர போன்றவற்றைப் பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். "குடுத்தனவும்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதால் இரண்டாம் தடவை தானாகவே வாய்க்கு வரும். கல்லில் "கொடுத்த" இல்லை, நாம் வீட்டில் பேசும் "குடுத்த"தான். இந்தப் பத்து நிமிடத்துக்காகவே கைடு கட்டணத்தைக் கொடுக்கலாம்.

வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்தால் எழுத்து தட்டையாகிவிடும். கார்த்திகை முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடபுறச் சுவர் நாள் முழுக்க நிழலில்தான் இருக்கும். ஒரு சின்ன டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் வெட்டின் ஓரங்கள் நிழல் கட்டி, எழுத்து எழுந்து நிற்கும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சே போதும். தண்ணீர் தெளித்துக் காட்டுகிறேன், சாக்குக் கட்டியால் தேய்த்துக் காட்டுகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். கல்லுக்கும் கேடு, தொல்லியல் துறைக் காவலர் வந்தால் உங்களுக்கும் கேடு.

இன்னொன்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். திருச்சுற்றுச் சுவரில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலின் ஆடல் மகளிர்) 400 பேரின் பட்டியல் இருக்கிறது. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், தளிச்சேரியில் எந்தச் சிறகில் (தெருவின் எந்தப் பக்க வரிசையில்) எத்தனையாவது வீடு என்று வீட்டு எண்ணோடு பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். கட்டடக் கலைஞர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் பெயரும், திருச்சுற்று மாளிகையை எடுத்த சேனாபதி கிருஷ்ணன் ராமன் பெயரும்கூட இந்தக் கோயிலின் கல்வெட்டுகளில் உண்டு. ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டு, 275ஆம் நாளில் உச்சிக் குடத்தை அரசர் கொடுத்தார் என்ற குறிப்பிலிருந்துதான் கோயில் நிறைவுபெற்றது 1010 என்ற ஆண்டு கிடைக்கிறது. ஆண்டைச் சொல்லும் கைடுகள் பலர், அது எங்கிருந்து வந்தது என்று சொல்பவர் அபூர்வம்.

எதிர்பார்த்து ஏமாறக்கூடியது ஓவியம். கருவறையைச் சுற்றிய உள் நடையில் இருக்கும் சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டவை. மேலே நாயக்கர் கால ஓவியப் படலம் மூடியிருந்தது. மேல்தளத்தில் பரத நாட்டியக் கரணங்கள் (நடன நிலைகள்) 108இல் 81 செதுக்கி, மீதிக் கற்கள் வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. இரண்டு இடத்துக்கும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. "ஆளைப் பார்த்துப் பேசி உள்ளே கூட்டிப் போறேன்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். வளாகத்துக்குள்ளேயே இருக்கும் தொல்லியல் துறை விளக்கக் கூடத்தில் படங்களாகப் பார்த்துக்கொள்ளலாம். சேவையின் விளம்பரத்தில் "சோழர் ஓவியங்கள்" என்று போட்டிருந்தது இந்தக் கூடத்தைத்தான். கேட்ட பிறகே சொன்னார்கள். அரை மதிப்பெண் குறைந்தது இதற்காக.

ஒன்பதரைக்குக் கோயில் முடிந்தால் டிபன், பத்து மணிக்கு அரண்மனை. இங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போவது நல்லது. நாயக்கர் தொடங்கி மராட்டியர் விரிவாக்கிய அரண்மனை இப்போது துண்டு துண்டாகப் பல நிர்வாகங்களிடம் இருக்கிறது. தர்பார் மண்டபத்துக்கு ஒரு சீட்டு, கலைக்கூடத்துக்கு ஒன்று, சரசுவதி மகால் அருங்காட்சியகத்துக்கு ஒன்று, கேமராவுக்குத் தனி. டூர் கட்டணத்தில் இவை அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் இன்க்ளூடட்" என்று வாயால் சொன்னது கவுண்டரில் செல்லாது. மணிக்கோபுரத்தில் ஏற முடியுமா என்பதையும் சீட்டு வாங்கும்முன் கேளுங்கள். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு இங்கே ஒரு பக்கம் இருக்கிறது. அரண்மனைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் உச்சம் அதுதான்.

பெரியவர்களுக்கு உச்சம் கலைக்கூடத்தில். திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகனர் (காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன்), 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த செப்புத் திருமேனி. சடையைப் பாம்புகளால் கட்டித் தலைப்பாகை போல முடிந்திருப்பார். வலக்கை காற்றில் எதன் மேலோ சாய்ந்திருக்கும். அந்த இடத்தில் காளை இல்லை. ஆனால் முழங்கை மடிந்த விதத்திலேயே காளையின் முதுகு எவ்வளவு உயரம் என்பது தெரிந்துவிடும். பக்கத்தில் நின்று பாருங்கள், பிறகு பத்தடி தள்ளிப் பாருங்கள். அதே திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரர் திருமேனியில் பார்வதியின் தலை கவிழ்ந்திருக்கும் அளவைப் பாருங்கள். நாணத்தை உலோகத்தில் அவ்வளவு சிக்கனமாகச் சொன்ன சிலை அதிகம் இல்லை. கைடு இந்த இரண்டையும் ஒரே நிமிடத்தில் கடந்து, கைகூப்பி நிற்கும் மராட்டிய மன்னர் சரபோஜியின் பளிங்குச் சிலைக்கு ஓடினார் என்பது அரண்மனைப் பகுதிக்கு மூன்று மட்டும் போட்டதற்கு ஒரு காரணம். "கொஞ்சம் நில்லுங்க ஐயா" என்று சொல்லத் தயங்கவேண்டாம். நேரம் உங்களுடையது, காசும் உங்களுடையது.

சரசுவதி மகாலில் சுவடிகளைப் புரட்டிப் பார்க்கலாம் என்று நினைத்து வருபவர்கள் உண்டு. நூலகம் வேறு, அருங்காட்சியகம் வேறு. பார்வையாளருக்குத் திறந்திருப்பது சில அறைகள் மட்டும். அங்கே மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த பிரெஞ்சுப் படங்களும், சீனத் தண்டனைகளைக் காட்டும் படங்களும், சுவடி மாதிரிகளும் இருக்கின்றன. 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி எதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார் என்பதற்கு நல்ல சாட்சி. முக்கால் மணி நேரம் போதும்.

பட்டியலில் இல்லாத இரண்டு இடங்களைக் கேட்டு வாங்கலாம், கூடுதல் காசு கேட்கமாட்டார்கள். ஒன்று கீழவாசல் பீரங்கி மேடு. ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, சுமார் 26 அடி நீளம், 22 டன். வார்த்தது அல்ல. நீள இரும்புப் பட்டைகளைச் சுற்றி அடுக்கி, மேலே வளையங்களை மாட்டி, காய்ச்சி அடித்து இணைத்தது. வளைய விளிம்புகளை வெறும் கண்ணாலேயே எண்ணலாம். மற்றொன்று பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் சுவார்ட்ஸ் தேவாலயம். மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியார் சுவார்ட்ஸை இளம் சரபோஜி பார்க்க வந்த காட்சியை ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மேன் பளிங்கில் செதுக்கியிருக்கிறார். பூட்டியிருந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

இனி அந்தக் கடை. மதிய உணவுக்கு முன் "கைவினைக் கண்காட்சி, பார்த்தா மட்டும் போதும்" என்று ஒரு நிறுத்தம் வரும். கண்காட்சி அல்ல, கமிஷன் கடை. கைடின் பங்கு உங்கள் பில்லில்தான் ஏறும். முன்பதிவிலேயே "கடை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் முக்கால் மணி நேரம் மிச்சம். வாங்கியே தீரவேண்டும் என்றால் மறுநாள் தனியாகப் போங்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ரேக்கு (ஒட்டும் மெல்லிய தகடு) தங்கமா போலியா என்பது. தங்க ரேக்கு அடக்கமாக மின்னும், போலி பளபளவென்று கண்ணை அடித்துச் சில வருடத்தில் கறுக்கும். தஞ்சாவூர்க் கலைத்தட்டில் (புடைப்பு உருவம் பதித்த உலோகத் தட்டு) வெள்ளித் தகட்டின் பின்பள்ளத்தில் மெழுகுக் கலவை நிரப்பித்தான் பதிக்க வேண்டும். புடைத்த உருவத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் உள்வாங்கக் கூடாது. ராஜா ராணி பொம்மையைப் படுக்க வைத்து விடுங்கள். ஆடி ஆடி நேராக வந்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அடி மண் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

மதியம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். இரண்டையும் பார்க்கலாம் என்றால் நம்பாதீர்கள். கோயில்கள் நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். தாராசுரம் கும்பகோணத்துக்குச் சற்று முன்னால், காரில் ஒரு மணி நேரம். மூன்றுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகள் அடித்தளத்தில் சாண் உயரச் சிற்பங்களாக ஓடுகின்றன. யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோடும் சிற்பமும் உண்டு. உதடு சுளிக்கும் பிள்ளையையும் அது சிரிக்க வைக்கும். தட்டினால் ஒலிக்கும் படிகளைக் கம்பி போட்டு மூடியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தில் தண்ணீர் கட்டும், அப்போது அடித்தளச் சிற்பத்தைக் கிட்டே போய்ப் பார்க்க முடியாது. அந்த மாதங்களில் திருவையாறே மேல். 13 கிலோமீட்டர்தான். வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் கடந்து போவதால் ஊர்ப் பெயருக்கு வேறு விளக்கமே வேண்டாம். தியாகராஜர் சமாதி, காவிரிப் படித்துறை, திரும்பும் வழியில் சுடச்சுட அசோகா அல்வா.

கைடு கட்டணம் தலைக்கு அல்ல, குழுவுக்கு. இரண்டு பேர் போனாலும் ஐந்து பேர் போனாலும் ஒன்றே. ஆறு பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, அப்போது இரண்டு கைடு கேட்பதே சரி. காருக்குத் தனி, டிரைவர் பேட்டா தனி. முற்றம் பெரும்பாலும் சமதளம் என்பதால் சக்கர நாற்காலி ஓடும். வாசல் நிலைப்படிகளிலும் சன்னதிப் படிகளிலும் தூக்க ஆள் வேண்டும்.

நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். பஞ்சமி அன்று வாராகி அம்மன் சன்னதியில் கூட்டம் தெற்கு முற்றத்தை அடைத்துவிடும். பிரதோஷத்தன்று நாலரைக்கு மேல் நந்தி மண்டபத்தைச் சுற்றி நிற்கவே இடம் இராது. ஐப்பசி சதயத்தில் ராஜராஜனுக்கு விழா. பார்க்க அழகு, கல்வெட்டு படிக்க ஆகாது. அந்த நாள்கள்தான் கிடைத்தன என்றால் ஆறரை மணியை ஆறாக்கிக்கொள்ளுங்கள்.